வடை, போண்டா, பஜ்ஜி: துளையியல் நோக்கில் ஓர் ஆய்வு

டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி "அதுல ரெண்டு குடுங்க" என்பவர்கள் பெயரியல் சிக்கலிலிருந்து தப்பி ஓடுகிறவர்கள். அவர்களை இவ்வாய்வு கணக்கில் கொள்ளவில்லை.

பஜ்ஜியில் பெரிய தகராறு இல்லை. வாழைக்காயைச் சீவிக் கடலைமாவுக் கரைசலில் தோய்த்துப் போட்டால் பஜ்ஜி. வெங்காயத்தை நீளவாக்கில் நறுக்கி மாவோடு பிசறி உதிர்த்துவிட்டால் பகோடா. உருளைக்கிழங்கு மட்டும் இரண்டு பக்கமும் பேசும்: வில்லையாகச் சீவினால் பஜ்ஜி, அவித்து மசித்து உருட்டினால் போண்டா. அந்த உருண்டையையே மும்பைக்காரர் 'வடா' என்று சொல்லிப் பாவுக்குள் வைத்து அழுத்தித் தருகிறார். கேரளத்தில் உள்ளி வடை கேட்டுப் பாருங்கள். வருவது நம் வெங்காயப் பகோடாவுக்குச் சித்தப்பா மகன்.

உண்மையான சிக்கல் உளுந்தில்தான். ஒரே மாவு. ஊறவைத்த உளுந்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பொங்க ஆட்ட வேண்டும். துளி மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மிளகும் தேங்காய்ப் பல்லும் இரண்டுக்கும் பொது. நனைத்த கையில் வைத்துக் கட்டைவிரலால் நடுவில் ஓட்டை போட்டால் வடை, போடாவிட்டால் போண்டா. ஆக, வடையில் கூடுதலாக இருப்பது ஒன்றுமில்லாத ஓர் இடம். நடுப்பகுதியும் சேர்ந்து வேகத்தான் அந்த ஓட்டை என்று சமையல்காரர்கள் சொல்வது சரியே. ஆனால் வேகும் வசதிக்காக வந்த ஓட்டை, பெயரையே தீர்மானிக்கும் அளவுக்கு வளர்ந்ததுதான் வியப்பு.

இக்கோட்பாட்டை மசால் வடை வந்து உடைக்கிறது. ஓட்டையே கிடையாது, ஆனாலும் வடை. எனவே "தட்டினால் வடை, உருட்டினால் போண்டா" என்று திருத்திக்கொண்டேன். இத்திருத்தம் ஒரு வாரம் நன்றாக வேலை செய்தது.

பிறகு கள ஆய்வு. வழக்கமான கடையில் காலையில் உளுந்து வடை இருந்த தட்டில் மாலை நான்கு மணிக்குப் போண்டா இருந்தது. வடை மாஸ்டரிடம் விசாரித்தேன்.

"மாவு தண்ணியாயிடுச்சு சார். ஓட்டை போட்டா மூடிக்குது. அதான் கிள்ளி விட்டுட்டேன்."

"அப்படின்னா இது போண்டாவா, ஓட்டை நிக்காத வடையா?"

ஜல்லிக்கரண்டியால் எண்ணெயை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவர் சொன்னார்: "வெல அதேதான் சார்."

இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. ஒன்றை வாங்கி, கிழித்த செய்தித்தாளில் எண்ணெயை ஒற்றி, சட்னி வருமுன் ஆய்வு நோக்கில் பிட்டுப் பார்த்தேன். ஆவி போனதும் உள்ளே நன்றாகத் தெரிந்தது: நடுவில் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. ஓட்டை எங்கும் போய்விடவில்லை, உள்ளேதான் இருந்தது.