பாண் கூடையும் செட்டிகுளத்தானும்: ஓர் ஆராய்ச்சி

புலம்பெயர்ந்த தமிழரைப் பற்றி ஆராயப்படாத பொருள் அருகிவிட்டது. அடையாளம், நினைவு, வெளி என்ற மூன்று சொற்களைக் குலுக்கிப் போட்டால் ஓர் ஆய்வேட்டுக்குத் தலைப்பு விழும். முந்நூறு பக்கம் தானாக வரும். அப்படியிருந்தும், வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தான் ஒருவன் பாரிஸில் முதன்முதலாகக் காசு கொடுத்துச் சாப்பிட உட்கார்ந்தபோது என்ன செய்தான் என்பதைப் பண்டிதர் எவரும் தீண்டவில்லை. அப்பெருங்குறையை நீக்கவே இம்முயற்சி.

முதற்கண் வரையறை. செட்டிகுளத்தான் என்பான் மதவாச்சி–மன்னார் வீதியோரத் தேத்தண்ணிக் கடையில் பொது அறிவு பெற்றவன். வெளிநாடு என்பது பாரிஸ். பிற நாடுகள் அடிக்குறிப்புக்கு உரியன. சாப்பாட்டுக் கடை என்பது முன்வாசலால் நுழையப்படுவது. இந்தக் கடைசி விதியை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பின்வாசலால் அவன் எப்போதோ நுழைந்துவிட்டான். பாரிஸ் உணவகக் குசினிகளில் கோப்பை கழுவுவோரிலும் சமைப்போரிலும் எங்கடை ஆட்கள் கணிசம். ஆயிரம் பேர் சாப்பிட்ட கோப்பையைக் கழுவியவன், தனக்கென்று ஒரு கோப்பையை வரவழைப்பதே இங்கு ஆய்வுப் பொருள்.

லாச்சப்பல் விலக்கப்படுகிறது. பாரிஸின் 10ஆம், 18ஆம் வட்டாரங்கள் சந்திக்கும் அவ்விடத்தில் கொத்துரொட்டி சாப்பிடுவது வெளிநாட்டில் சாப்பிடுவது ஆகாது. அது குளிர் கூடின வவுனியா. (பெரியம்மா கூற்று, தொலைபேசி வழி.)

இனித் திணைப் பாகுபாடு. இது இல்லாத கட்டுரையைத் தமிழறிஞர் மன்னியார். வெயிட்டர் வருமளவும் இருத்தல் முல்லை. சாப்பாடு வந்து கூடுதல் குறிஞ்சி. ஆர் காசு கட்டுவது என்று பிடுங்குப்படுதல் மருதம். பில்லைப் பார்த்து இரங்கல் நெய்தல். பின் காசைப் பிரிதல் பாலை. ஐந்தும் அடங்கின, தொல்காப்பியருக்குப் பாரிஸ் தெரியும் என்று நிறுவ இதுவே போதும். இதைவிடக் குறைந்த சான்றோடு இதைவிடப் பெரியவற்றை நிறுவியோர் நம்மிடையே உளர்.

பச்சை மாட்டிறைச்சியைக் கொத்தி, அடுப்பைக் காட்டாமலே பரிமாறும் தார்த்தார் என்னும் உணவு பற்றி: திருப்பி அனுப்பினான். இவ்வியல் முற்றிற்று.

முல்லைக்கும் குறிஞ்சிக்கும் நடுவில், எந்த இலக்கணத்துக்கும் பிடிபடாத பொருள் ஒன்று மேசைக்கு வருகிறது. அதுவே பாண் கூடை. கேட்காமல் வரும், ஆரும் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போவர். செட்டிகுளத்தான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்திருந்தான். பசித்தவன் முன்னால் சுடச்சுடப் பாண் இருக்க அவன் ஏன் தொடவில்லை?

பல்கலைக்கழகத்தார் விடை ஆயத்தமாக உள்ளது: பண்பாட்டு அதிர்ச்சி, அந்நியமாதல், இழந்த நிலத்தின் சோற்றுக்கான ஏக்கம். அவனுக்குப் பாணில் ஏக்கமும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. பாணும் சம்பலும் தின்று வளர்ந்தவன். உண்மைக் காரணத்தை அறிய ஆய்வாளர் அவனிடமே கேட்டிருக்கலாம். ஆனால் அது முறையியலுக்குப் பொருந்தாது.

காரணம் தேத்தண்ணிக் கடையில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்த உடனே ஒரு தட்டு வரும்: நாலு ரோல்ஸ், நாலு வடை, இரண்டு பற்றிஸ், ஓரத்தில் ஒரு பணிஸ். ஆரும் கேட்கவில்லை; வேண்டாம் என்றாலும் வரும். எழும்பும்போது முதலாளி தட்டை ஒரு பார்வை பார்ப்பார். தின்றதை எண்ணுவதில்லை, எஞ்சியதை எண்ணுவார். கழித்தல் கணக்கு. கை துடைக்கக் கிழித்து வைத்திருக்கும் பழைய கொப்பித் தாளில் ஏதோ ஒரு பிள்ளையின் கழித்தல் கணக்குச் சிவப்பு மையில் பிழையென்று போடப்பட்டிருக்கும். முதலாளியின் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. (தேத்தண்ணிக்கடை வாய்மொழி, இடது வாங்குப் பாடம். வலது வாங்கில் பாடபேதம் உண்டு. அங்கே கடன்காரர் இருப்பதால் கொள்ளத்தக்கதன்று.)

ஆகவே பாண் கூடையைக் கண்டதும் அவன் அறிந்துகொண்டது இதுதான்: தட்டு வந்துவிட்டது. கூட்டிப்போன சிநேகிதனுக்கு, கூடையில் பன்னிரண்டு துண்டு என்று எண்ணியே சொன்னான்.

“கை வைக்காதை மச்சான். பேந்து எண்ணிப்போட்டு பில்லிலை ஏத்துவாங்கள்.”

“இது சும்மாடா. சாப்பிடு.”

“சும்மா தாறவன் ஏன் கூடையிலை போட்டு வடிவாத் தாறான்?”

இக்கேள்விக்குப் பொருளியலாளரும் விடை சொன்னதில்லை.

ஒப்பியல் நோக்கு இல்லாமல் ஆய்வு சிறவாது. போர்த்துக்கலிலும் பாணும் ஒலிவ் காயும் சீஸும் கேட்காமலே வரும். தொட்டால் காசு, தொடாவிட்டால் இல்லை. அப்படியே செட்டிகுளத்துச் சட்டம். இத்தாலியிலோ தொட்டாலும் தொடாவிட்டாலும் தலைக்கு இவ்வளவு என்று மேசைக் காசு எழுதும் கடைகள் உண்டு. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக் கரை ஏறி, 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடம் விட்டுப் போனவர்கள். இந்த 153 ஆண்டுக்குள் தட்டு முறையை அவர்கள் எமக்குத் தந்தனரா, எம்மிடம் கொண்டுபோயினரா? தந்தனர் என்பாருக்கும் சான்றில்லை, கொண்டுபோயினர் என்பாருக்கும் சான்றில்லை. ஆகையால் இரு தரப்பும் உறுதியாக உள்ளன. இது குறித்த முடிந்த முடிபு குசினிச் சுவடியில் உள்ளது. (எண்ணெய்ப் பிரதி, கழுவு தொட்டிக்கு மேலான சுவரில் கரித்துண்டால் வரையப்பட்டது, மேல்வரி புகையாலும் கீழ்வரி சவர்க்கார நுரையாலும் சிதைந்தது, நடுவரிக்கு உரையாசிரியர் இருவர் இருவேறு பொருள் கொள்வர், ஒருவர் மற்றவரைத் திருடர் என்பர், இருவருமே அந்தக் குசினியை எட்டிப் பார்த்ததில்லை, ஒருவர் அதன் முன்னுரைக்காகப் பொன்னாடை பெற்றார்.)

கூடை அன்று தொடப்படாமலே திரும்பிப் போனது. செட்டிகுளத்தான் எழும்பும்போது துண்டுகளைத் திரும்ப எண்ணி, குறையவில்லை என்று சிநேகிதனைச் சாட்சி வைத்தான். தண்ணீருக்கோ போத்தல் வாங்கிக் காசு கட்டினான். குழாய்த் தண்ணீர் குடுவையில் சும்மா கிடைக்கும் என்பதை ஆரும் அவனுக்குச் சொல்லவில்லை, கேட்டால்தான் வரும். கேட்காமல் வருவதற்குப் பயந்தவன் கேட்டால் வருவதையும் விட்டான். அவனுடைய நட்டம் முழுவதும் இவ்விரண்டுதான். இதில் அடையாளச் சிக்கலை எங்கே செருகுவது என்று ஆய்வாளர்கள்தான் சொல்லவேண்டும்.

வெயிட்டருக்குச் சந்தோசக் காசு கொடுப்பது பற்றிய பகுதியை நீட்டத் தேவையில்லை. பிரான்ஸில் சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். அமெரிக்காவில் பில்லுக்கு மேலே 15 முதல் 20 வீதம் எதிர்பார்ப்பார்கள். அங்கே போன செட்டிகுளத்தானுக்குத் தனி ஆய்வேடு வேண்டும். நெய்தல் திணை மட்டுமே இரண்டு தொகுதி வரும்.

இக்கட்டுரையை மேற்கோள் காட்ட விரும்புவோர் தாராளமாகக் காட்டலாம், வாசிக்க வேண்டியதில்லை, வழக்கமும் அதுவே. ஒன்றை மட்டும் ஊரிலிருந்து புதிதாக வரும் பெடியளுக்குச் சொல்லிவிடுங்கள். பிரான்ஸில் சாப்பாட்டோடு வரும் பாணுக்கும் குழாய்த் தண்ணீருக்கும் தனிக்காசு இல்லை. 1967ஆம் ஆண்டு அரசாணையே இருக்கிறது. எண்ணாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.