மாப்ளே, ராஜா படம் எடுக்கப் போறியாமே!

வாங்க டைரக்டர் சார்! என்ன முழிக்கிற? பெருமாள்மலை டீக்கடையில அப்படித்தான் பேச்சு. தங்கச்சி மகன் சினிமாவுல சேர்ந்துட்டானாம், வெள்ளைக்காரப் படையை எதுத்து நிக்கிற ராஜா கதையை எடுக்கப் போறானாம். பேத்துப்பாறையில காப்பிப் பழம் பறிக்க நாலு ஆளு கிடைக்கலை, உனக்குச் சண்டைக்கு ஆயிரம் பேர் வேணுமாம். நல்லது. உக்காரு மாப்ளே. மாமன் ரெண்டு யோசனை சொல்றேன், காசு கேக்க மாட்டேன்.

மொதல்ல உன் ராஜாவுக்குத் தொண்டை நல்லா இருக்கணும். மூளை அப்புறம் பார்த்துக்கலாம். 1959ல ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வந்தப்ப நான் பொடியன். மலை இறங்கிப் போய்ப் பார்த்தேன். பந்துலு எடுத்தது, சக்தி கிருஷ்ணசாமி வசனம், சிவாஜி தொண்டை. கொட்டகையில கூரை பிச்சுக்கும்போல இருந்துச்சு. திரும்பி மலையேறுறப்ப எங்க செட்டுல அத்தனை பயலும் கட்டபொம்மன். படத்துல வரி கேக்குற ஜாக்சன் துரையா இருக்க ஒருத்தனும் சம்மதிக்கலை. கடைசியில பொதி சுமந்துக்கிட்டு வந்த மட்டக்குதிரையைத் துரையாக்கி அதுகிட்ட வசனம் பேசினோம். அது வரியும் கேக்கலை, வட்டியும் கேக்கலை, ஒரு கனைப்புக் கனைச்சிட்டுத் தன் வழியைப் பார்த்துப் போயிருச்சு.

அந்தப் படத்தை மொதல்ல எங்க காட்டினாங்க தெரியுமா? லண்டன்ல. அடுத்த வருஷம் கெய்ரோ பட விழாவுல சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசு. அதனால வசனம் விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதே.

ஆனா ஒண்ணு. கணக்குப் புஸ்தகத்தை மட்டும் தொறந்துறாதே, படம் படுத்துரும். நெஜத்துல என்ன நடந்துச்சுங்கிறே? 1798ல ஜாக்சன் கலெக்டரு கட்டபொம்மனை வரச் சொன்னான். பார்க்கப் போனா, துரை அடுத்த ஊருக்குப் போயிட்டாரும்பான். அங்க போனா அதுக்கடுத்த ஊரு. 23 நாளு, 400 மைலு இப்படியே அலைய விட்டான். தாலுகா ஆபீஸுல பட்டா மாத்தப் போனவனுக்கு இது புதுசா என்ன? கடைசியில செப்டம்பர் 10ஆம் தேதி ராமநாதபுரத்துல பார்த்தாங்க, கணக்கைப் புரட்டுனா பாக்கி 1080 பகோடாதான். திங்கிற பகோடா இல்லைடா, பொன் காசு. மத்ததையெல்லாம் மனுஷன் ஏற்கெனவே கட்டிட்டான்! அப்புறம் கைகலப்பு ஆச்சு, ஒரு வெள்ளைக்கார அதிகாரி செத்தான், கட்டபொம்மனோட தானாபதிப் பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஊருக்குத் திரும்பினதும் கட்டபொம்மன் என்ன செஞ்சான்? சென்னைக்கு மனு எழுதினான். விசாரணைக் கமிஷன் உக்காந்துச்சு, பிள்ளை வெளியே வந்தாரு, ஜாக்சன் வேலை போச்சு.

மனு எழுதிக் கலெக்டரையே கவுத்தவன் மாப்ளே! வீரம்னா இதுல்ல வீரம். திங்கக்கிழமைதோறும் மனு நாள்னு நாமளும்தான் திண்டுக்கல்லுக்குப் போறோம், யானை வாழையை முறிச்சுப் போட்டதுக்கு நட்டஈடு கேட்டு. ரசீது வருது. ஆனா இதை நீ படத்துல வச்சேன்னு வையி, சனம் முறுக்கு வாங்க எந்திரிச்சுப் போயிரும்.

அடுத்தது, துரோகி. ராஜா படத்துக்கு அது இல்லாம முடியாது. எட்டப்பனைப் பிடிச்சுக்க, ரெடிமேடா இருக்கான். ஆனா நெஜத்துல, தன் கோட்டை பாஞ்சாலங்குறிச்சியிலேர்ந்து தப்பிச்சுப் போன கட்டபொம்மனைப் பிடிச்சுக் குடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். 1799 அக்டோபர் 16ல கயத்தாறுல தூக்குல போட்டாங்க. எட்டப்பன், அதான் எட்டயபுரத்தாரு, கும்பினி பக்கம் நின்னது வாஸ்தவம்தான். ஆனா பிடிச்சுக் குடுத்த ஊரு ஒண்ணு, காலம் பூரா வசவு வாங்குற ஊரு இன்னொண்ணு. அதனால யாரைத் துரோகி ஆக்கப் போறேங்கிறதை மொதல்ல அந்த ஊர்க்காரங்க எத்தனை பேருன்னு எண்ணிப் பார்த்துட்டு முடிவு பண்ணு.

இன்னொரு சூட்சுமம்: ஒரே சமயத்துல ரெண்டு ராஜா வேண்டாம். அதே 1959 மே மாசம் மருது சகோதரர்களை வச்சுக் கண்ணதாசன் ‘சிவகங்கைச் சீமை’ எடுத்து விட்டாரு. கருப்பு வெள்ளை. இந்தப் பக்கம் சிவாஜி, கலரு. மருதுங்க கும்பினிகிட்டத் தோத்தது ஒரு தடவை, கொட்டகையில இன்னொரு தடவை.

சரி, இனி நெசமாவே கேக்குறேன். விருப்பாச்சின்னா உனக்கு என்ன ஞாபகம் வருது? வாழைப்பழம். பழனிப் பஞ்சாமிர்தத்துல போடுற பழம். அம்புட்டுதான். நம்ம மலையடிவாரத்துல, ஒட்டன்சத்திரம் பக்கம் இருக்கிற அந்த ஊருக்கு ஒரு பாளையக்காரர் இருந்தாரு, கோபால் நாயக்கர். 1772ல காளையார்கோவில்ல புருஷனைக் கும்பினிக்குப் பறி குடுத்துட்டு வந்த சிவகங்கை ராணி வேலுநாச்சியாருக்கு அடைக்கலம் குடுத்த சீமை இது. எட்டு வருஷம்டா! உன் சினிமாவுல அது ஒரு பாட்டுல முடிஞ்சிரும், ராணி கத்தி பழகுறாங்க, இலை உதிருது, மீசை நரைக்குது. எட்டு வருஷம் சோறு போட்டவன் வீட்டு நெல்லுக் குதிரு எப்படி இருந்திருக்கும்னு எவனும் காட்ட மாட்டான். உங்க அத்தை நாலு நாளு விருந்தாளி வந்தாலே அடுப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுறா.

1792ல திப்பு தோத்துத் திண்டுக்கல் சீமை கும்பினி கைக்குப் போச்சு. நாயக்கர் சும்மா இருக்கலை. அக்கம்பக்கத்துப் பாளையக்காரங்களைச் சேத்தாரு, மருது சகோதரர்களோட கை கோத்தாரு, மைசூர்ப் பக்கம் கும்பினியை எதுத்து நின்ன தூந்தாஜி வாகுக்குத் தூது விட்டாரு. 1800 ஜூன்ல, மொகரம் சமயமாப் பார்த்துக் கோயமுத்தூர்க் கோட்டையைப் பிடிக்கிறதா ஏற்பாடு. விஷயம் கசிஞ்சிருச்சு. 42 பேரைத் தூக்குல போட்டாங்க. மறு வருஷம் நாயக்கரையும் பிடிச்சுத் திண்டுக்கல்லுல தூக்குல போட்டாங்க. அதுக்கப்புறம் இருபது வருஷம் போகட்டும்னு இருந்தமாதிரி, 1821ல வார்டு துரை அளவு சங்கிலியோட இந்த மலைக்கு வந்தான். கோடைக்கானல்ல பங்களா, ஏரி, பேரிக்காயெல்லாம் அப்புறம்தான்.

இந்த ஆளுக்குக் கர்ஜனை கிடையாது. செஞ்சதெல்லாம் ராத்திரி நடை, ரகசியக் கடுதாசி, அடுத்த வீட்டு ராணிக்குச் சோறு. இடைவேளைக்கு முன்னாடி கைதட்டு விழாது. அதனாலதான் எவனும் தொடலை. நீ தொடுவியா? தைரியம் இருந்தா, நாளைக்கே பழனிப் பஸ்ஸைப் பிடிச்சு, அங்கேர்ந்து ஒட்டன்சத்திர ரோட்டுல போயி விருப்பாச்சியில இறங்கு, மணிமண்டபத்தைப் பாரு, ஊர்ப் பெருசுகளைக் கேளு. பார்த்துட்டு வந்து கதை சொல்லு, மாமன் காலாட்டாமக் கேக்குறேன். தயாரிப்பாளர் கிடைக்கலைன்னு காப்பித் தோட்டத்தை அடமானம் வைக்கச் சொல்லி உங்க அத்தைகிட்ட மட்டும் வந்து நிக்காதே. பத்திரம் என் பேருலதான் இருக்கு.