மெய்ப்பாடும் வாய்ப்பாடும்

உலகத்தில் ஆராய்ச்சிக்குரிய விஷயங்களில் பெரும்பாலானவற்றை வித்துவான்கள் கரைத்துக் குடித்துவிட்டார்களாயினும், தமிழர் ஆங்கிலத்தில் சந்தோஷப்படுவதும் துக்கப்படுவதும் எந்தச் சாஸ்திரத்தின்பாற்பட்டவை என்பதை நிர்ணயம் செய்யாமல் விட்டது பெருங்குறையே ஆகும். பஸ் நிலையத்துப் புத்தகக் கடைகளில், முப்பதே நாளில் ஆங்கிலம் பேசவைப்பதாகச் சத்தியம் செய்யும் நூல்களைப் புரட்டுவோர், காய்கறிகளுக்கும் உறவுமுறைகளுக்கும் இடையே ‘உணர்ச்சிகள்’ என்றொரு பக்கம் இருப்பதைக் காணலாம். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், நடுவில் தமிழெழுத்தில் அதன் உச்சரிப்பு, வலப்பக்கம் பொருள் என்று மூன்று பத்திகள் இறங்க, கத்தரிக்காயை மனனம் செய்த அதே ராகத்தில் பொறாமையையும் மனனம் செய்துவிட்டு மாணவன் அடுத்த பக்கத்துக்குப் போகிறான். அப்பக்கமே இவ்வாராய்ச்சிக்கு மூலம்.

முன்னோர் அபிப்பிராயங்களை முதலில் பிரஸ்தாபிப்பது மரபு. நாட்டிய சாஸ்திரம் செய்த பரத முனிவர் நிலையாக நிற்கும் பாவங்கள் 8 என்றும், வந்து வந்து போகும் பாவங்கள் 33 என்றும் கணக்கிட்டார். தொல்காப்பியரோ நகை முதல் உவகை ஈறாக மெய்ப்பாடுகளை 8 என வகுத்து, ஒவ்வொன்றும் நந்நான்கு காரணம்பற்றிப் பிறக்கும் என்று 32 நிலைக்களங்களையும் காட்டினார். மேல்நாட்டில் பீட்டர் மார்க் ராஜெட் என்ற வைத்தியர், எழுபது வயதைத் தாண்டியபின், 1852-இல், ஆங்கிலச் சொற்களையெல்லாம் பொருள்வாரியாக ஆயிரம் தலைப்புகளில் அடுக்கி ஒரு கோசம் வெளியிட்டார். அவர் வகுத்த பெரும்பிரிவுகள் ஆறு. வெளி, சடப்பொருள், அறிவு, சங்கற்பம் முதலியன எல்லாம் பந்தியில் உட்கார்ந்து எழுந்த பிறகே, ஆறாவதும் கடைசியுமான பிரிவில் உணர்ச்சிக்கு இலை போடப்பட்டது. இதைக்கொண்டு ஆங்கிலேயரின் சுபாவத்தை அனுமானிப்பது நியாயமா என்று கேட்பவர் கேட்கட்டும். இத்தகைய கட்டுரைகளில் அனுமானம் செய்யாதிருப்பது ஆசாரக் குறைவு.

தொல்காப்பியர் உணர்ச்சிக்கு ‘மெய்ப்பாடு’ என்று பெயர் வைத்ததன் நுட்பம் கருதத்தக்கது. உள்ளத்தில் நிகழ்ந்தது உடம்பில் பட்டு, கண்டவருக்குச் சொல்லாமலே விளங்குவது மெய்ப்பாடு. மேற்படி மூன்று பத்திப் பக்கத்திலிருந்து கற்றுக்கொண்ட சொல்லோ உள்ளத்திலும் தங்காமல் உடம்பிலும் படாமல் வாயில் மாத்திரம் பட்டுக் கழிவது. ஆதலின் இதனை ‘வாய்ப்பாடு’ என்பதே பொருந்தும். இந்நாமகரணம் வெறும் சொல்விளையாட்டு அன்று என்பதற்குச் சான்று தேடி, மருந்துக்கடை மாடியிலோ தட்டச்சு நிலையத்தின் பின்னறையிலோ நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஒன்றுக்குப் போனால் போதும். ஆசிரியர் பலகையில் வட்டம் வட்டமாக முகங்கள் வரைந்து வாயை மேலும் கீழும் வளைக்க, முப்பது பேர் ஒரே குரலில், ‘ஐ ஆம் வெரி எக்ஸைட்டட்’ என்று, ரேஷன் வரிசையில் நிற்பவர்களின் முகத்தோடு முழங்குகிறார்கள். நடுவே ஒரு மாணவர் ‘ஐ ஆம் போரிங்’ என்று எழுந்து உரைப்பதும், ஆசிரியர் சொல்லின் ஈற்றை மட்டும் திருத்தி, உள்ளே இருந்த உண்மையைத் தீண்டாமல் விடுவதும் உண்டு.

வாய்ப்பாட்டுக்கு அரசாங்கமே ஒரு காலத்தில் எண் கொடுத்து வைத்திருந்ததை இளைய தலைமுறை அறியாது. தந்தி அலுவலகத்தில் வாழ்த்துகளுக்கென்று ஓர் அச்சடித்த ஜாபிதா இருந்தது. நீண்ட இனிய மணவாழ்வு வேண்டுமென்று விரும்புவோர் 8 என்று எழுதினால் போதும். பரீட்சையில் தேறியவனைக் கண்டு உள்ளம் பூரித்தவர்களுக்கு 10. அந்தப் பூரிப்புக்கு நன்றியுணர்வு பொங்கியவனுக்கு 13. இந்தக் கோடியில் ஒருவர் எட்டு என்று எழுத, அந்தக் கோடியில் ஒரு குமாஸ்தா அதைக் கோர்வையான ஆங்கில ஆசீர்வாதமாக விரித்து எழுத, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தோழன் அதை மைக்கில் வாசிப்பான். அனுப்பியவரும் ஆங்கிலம் அறியார், பெற்றுக்கொண்டவரும் அறியார். ஆயினும் குறையொன்றும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தினார்கள். நஷ்டத்தை நினைத்து நிறுத்தினார்களேயொழிய, அவ்வளவு சிக்கனமாக வேறெந்த நாகரிகமும் உணர்ச்சிவசப்பட்டதில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இனிச் சித்தாந்தத்துக்கு வருவோம். எந்த உணர்ச்சிக்கு எந்த ஆங்கிலச் சொல் என்று தேடுவது வீண் வேலை. எந்த ஆளுக்கு எந்தச் சொல் என்று பார்ப்பதே முறை. காலை ஒன்பதரை மணிக்கு ஸ்கூட்டர் டயர் பஞ்சராகி, சாலையோரக் கடையில் நிற்கும் ஒரு குமாஸ்தாவைக் கவனியுங்கள். மேலதிகாரியைக் கைப்பேசியில் அழைத்து, ‘எக்ஸ்ட்ரீம்லி சாரி சார்’ என்கிறார். மனைவி கூப்பிட்டுச் சாப்பாட்டுக் கூடையை மறந்ததை நினைவூட்டவே, ‘நீ வேற டென்ஷன் பண்ணாதே’ என்று தம் உணர்ச்சியை அவள் தலையில் கட்டுகிறார். சிநேகிதனிடம், ‘செம மூட் அவுட்டுடா’ என்று முடிக்கிறார். நடந்தது ஒன்று, டயரிலும் துளை ஒன்றே. கடைக்காரரோ டியூபை அலுமினியத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருக்கிறார். அவரிடம் மட்டுமே நம்மவர் குனிந்து, ‘அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் பாருங்க, வயித்தைக் கலக்குது’ என்கிறார். மேலதிகாரியோடு பேசியபோது வாய் வருத்தம் தெரிவிக்க, இடுப்பு தானாக வளைந்ததையும், எதிரில் ஆளில்லாத இடத்தில் கை செருப்பைக் கழற்றப் போனதையும் ஆராய்ச்சியாளன் குறித்துக்கொள்வான். அச்சம் பிறக்கும் நான்கு இடங்களில் தெய்வமும் விலங்கும் கள்வரும் போக எஞ்சிய ஒன்று தம்மை ஆள்பவர் என்று தொல்காப்பியர் சொல்லிப் போனது, தாமதமாக வரும் குமாஸ்தாக்களை உத்தேசித்தே என்று துணியலாம்.

இச்சித்தாந்தத்துக்கு இலக்கணம்பற்றிய ஆட்சேபம் ஒன்று எழக்கூடும். ஆங்கிலத்தில் ஒருவன் தானே கோபமாக இருக்கிறான். தமிழிலோ கோபம் அவனுக்கு வருகிறது, சற்றே தங்குகிறது, போய்விடுகிறது, அவன் பொறுப்பல்லன். இந்த நான்காம் வேற்றுமைச் சௌகரியத்தைத் தமிழன் ஆங்கிலச் சொல்லை ஏற்கும்போதும் கைவிடவில்லை: எனக்கு டென்ஷன் ஆகிறது, எனக்கு போர் அடிக்கிறது என்றே சொல்கிறான். (யானை கட்டிப் போரடித்த நாட்டில் இன்று யானை இல்லாமலே அது அடிக்கிறது.) ஃபீல் பண்ணுவது ஒன்றுதான் அவன் தானே பொறுப்பேற்றுச் செய்வது, அதிலும் துக்கத்துக்கு மாத்திரமே இடம் உண்டு, மகன் மெடிக்கல் சீட் வாங்கினான் என்று எவரும் ஃபீல் பண்ணியதாக வழக்கில்லை. ஆட்சேபம் சித்தாந்தத்தைப் பலப்படுத்துகிறதே தவிர அசைக்கவில்லை.

அசைப்பது வேறொன்று. நகரத்துக் குடும்பங்களில் வளரும் நாயிடம் ஆங்கிலமே பேசப்படுகிறது என்பது பிரத்தியட்சம். ‘உட்கார்’ என்றால் உட்காராத பிராணி ‘சிட்’ என்றால் உட்காருகிறது என்பதில் வியப்பில்லை. பழக்கியவர் அப்படிப் பழக்கினார். வியப்பு அந்த வீட்டுக் கிருஹஸ்தரிடத்தில் இருக்கிறது. மனைவியிடமும் மேலதிகாரியிடமும் முகம் அசையாமல் ஆங்கிலத்தில் உணர்ச்சிவசப்படுகிற அந்த ஆசாமி, மாலையில் செருப்பைக் கழற்றுமுன் அந்த நாயின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, ‘குட் பாய், மை குட் பாய்’ என்று கொஞ்சும்போது, கண் விரிகிறது, குரல் குழைகிறது, புருவம் மேலேறுகிறது. உவகைக்கு உரையாசிரியர்கள் கேட்கக்கூடிய அடையாளம் ஒன்றும் மிச்சமில்லை. ஆங்கிலச் சொல் மெய்யில் பட்டுவிட்டது! இதை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்று புலப்படாமையால், அந்த நேரத்தில் அறை வாசலில் மதிப்பெண் பட்டியலை நீட்டிக்கொண்டு நின்ற மகனுக்கு அவர் என்ன சொன்னார் என்று கவனித்தோம். ‘மேத்ஸ்ல ஏன் ரெண்டு குறைஞ்சுது?’ என்றார்.