பாலைவனப் புழுதியும் அதன் பூச்சு முறையும்: மட்டில்டா டாங்கியை முன்வைத்து

முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிய டாங்கியை ஆராயப் புகுமுன், அந்த முப்பத்தைந்து எங்கிருந்து வந்தது என்று நிறுவுவது ஆய்வாளன் கடன். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கி மாடல் ஒன்றைச் செய்தது. மோட்டாரும் பாட்டரியும் உள்ளே அடங்க உடம்பு எவ்வளவு பெரிதாக வேண்டுமோ, அவ்வளவு பெரிதாக அமைத்தார்கள். கணக்குப் பார்த்தால் 1/35. இன்றைய கிட்டுகளில் பெரும்பாலும் மோட்டாரும் இல்லை, பாட்டரியும் இல்லை. எண் மட்டும் உலகெங்கும் நிலைத்துவிட்டது. சாஸ்திரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன என்பதால் இதைக் குறையாகக் கொள்ளாமல் மேலே செல்வோம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பிரிட்டிஷ் மட்டில்டா. எடை ஏறத்தாழ 27 டன், முன்கவசம் 78 மி.மீ., ஆட்கள் நால்வர். உள்ளே, லண்டன் பேருந்துகளைச் செய்த ஏ.ஈ.சி. கம்பெனியின் டீசல் என்ஜின்கள் இரண்டு. 1940 டிசம்பர் 9 அன்று எகிப்தில் இத்தாலியரின் நிபேவா முகாமை நான்காவது இந்திய டிவிஷன் தாக்கியபோது முன்னால் புகுந்தவை மட்டில்டாக்கள்தாம். இத்தாலியர் சுட்ட குண்டுகள் அவற்றின் மேல் பட்டுத் தெறித்தன. பிறகு ஜெர்மானியரின் 88 மி.மீ. பீரங்கி வந்து கதையை மாற்றியது. அது போர் வரலாற்றாசிரியர்கள் பாடு. நமக்கு மேல்பூச்சு போதும்.

முதலில் அளவை இயல். நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் எடையை 42,875 ஆல் வகுக்க வேண்டும். விடை 630 கிராம். கிட்டின் பிளாஸ்டிக் அதில் பாதிகூட வராது. மிச்சத்துக்கு அடியில் ஈயக்குண்டு ஒட்டுவோர் உண்டு. வெளியே தெரியாத உண்மைக்கும் மரியாதை செய்பவர்கள் அவர்கள். வேகத்துக்கும் கணக்கு உண்டு; அதை 35 ஆல் மட்டும் வகுத்தால் போதும். சாலையில் மணிக்கு 24 கிலோமீட்டர் என்றால், மேசைமேல் ஒரு மீட்டரைக் கடக்க 5 விநாடிக்குச் சற்று மேல் ஆக வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் அதைக் கையிலெடுத்து ‘டுர்ர்’ என்று ஒரே தள்ளில் சுவர்வரை ஓட்டுவது, வேறெந்தக் காரணத்தாலும் அல்ல, வரலாற்றுப் பிழை என்பதாலேயே கண்டிக்கத்தக்கது.

இனி நிறம். 1940-41-ல் பாலைவனத்து பிரிட்டிஷ் டாங்கிகளுக்கு, பிரிகேடியர் கான்டர் பெயரால் வழங்கும் மூன்று நிறப் பூச்சு வந்தது. போர்ட்லண்ட் ஸ்டோன், சில்வர் கிரே, ஸ்லேட் ஆகிய மூன்றும் சாய்ந்த நேர்கோட்டுப் பட்டைகளாக ஓடும். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு வண்டியின் வடிவம் பிடிபடக் கூடாது என்பது நோக்கம். இது மூலபாடம். போருக்குப் பின் அருங்காட்சியகத்தில் மறுபூச்சுக் கண்ட மட்டில்டாவிலோ, நடுநிறமான சில்வர் கிரே இளநீலமாக விழுந்தது. அதைப் பார்த்து ஒருவர் எழுதினார். எழுதியதைப் படித்து இன்னொருவர் பூசினார். பூசியதைப் படமெடுத்து மூன்றாமவர் ஆதாரம் காட்டினார். ஒரு தலைமுறை மட்டில்டாக்கள் ஆகாய நீலம் தீட்டிக்கொண்டு அலமாரிகளில் நின்றன. பழைய ஆணைகளையும் வண்ண அட்டைகளையும் தோண்டியெடுத்தவர்கள் பின்னாளில் அது பச்சைச் சாயல் ஏறிய சாம்பல்தான், நீலம் இடைச்செருகல் என்று காட்டினார்கள். நீலக் கட்சியார் அதனால் ஒழிந்துவிடவில்லை. ‘கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலம் இல்லையென்று நீர் எப்படிக் கண்டீர்?’ என்பார்கள். பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்பவன் தோற்பதில்லை. இக்கட்டுரையாளர் சாம்பல் கட்சி.

எதிரணியிலாவது தெளிவு உண்டா என்றால், அங்கே வேறு கூத்து. 1941 மார்ச்சில் திரிப்போலித் துறைமுகத்தில் இறங்கிய ஜெர்மன் டாங்கிகள், ஐரோப்பாவில் பூசிய கருஞ்சாம்பலோடே மணலுக்கு வந்தன. மஞ்சள்பழுப்புக்கு ஆணை பிறந்ததே மார்ச் 17-ல்தான். மறு ஆண்டு மார்ச்சில் அந்த நிறத்தையும் மாற்றினார்கள். எனவே ஜெர்மன் தளபதி ரோம்மல் படையின் பன்சர் III டாங்கியைச் செய்கிறவர் மஞ்சளுக்கு அடியில் சாம்பல் தெரியச் செய்தாக வேண்டும். முறை இது: சாம்பல் காய்ந்ததும் கடையில் விற்கும் சாதாரண ஹேர்ஸ்பிரேயை அடிக்க வேண்டும். அதன்மேல் ஏர்பிரஷால் அக்ரிலிக் மஞ்சள், மெல்லிசாக. அது காய்ந்த கையோடு, மயிரைக் குட்டையாக வெட்டிய பிரஷை வெதுவெதுப்பான நீரில் தோய்த்து, ஆட்கள் ஏறி இறங்கும் மூடியோரத்திலும் மட்கார்டு நுனியிலும் மெள்ளத் தேய்த்தால், ஹேர்ஸ்பிரே இளகி மஞ்சள் செதில் செதிலாகப் பெயரும்; சாம்பல் எட்டிப் பார்க்கும். அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் நாலு தேய்ப்பில் பிளாஸ்டிக் தெரிந்துவிடும். அந்த நிறத்துக்கு ஜெர்மன் ஆணை எதுவும் இல்லை.

துருவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. செங்கல் நிறத்தை அள்ளி அப்புகிற துருவாதிகள் மழை நாட்டுக்காரர்கள். உள்பாலையின் காய்ந்த காற்றில் டிராக்கின் மேடுகளை மணலே உரசித் தீட்டிவிடும்.

மணலோ வேறு விவகாரம். அசல் மணலைத் தூவினால் அசலாக இருக்கும் என்று நம்புகிறவர் பெருக்கல் அறியாதவர். கால் மில்லிமீட்டர் மணலை 35 ஆல் பெருக்கினால் ஒவ்வொன்றும் ஒரு கொண்டைக்கடலை. ஆகவே, மாவினும் நுண்ணிய பிக்மென்ட் பொடியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆவணப்படி மூன்று நிறம் பூசி, டீக்கல் ஒட்டி, மடிப்புகளில் வாஷ் இறக்கி, அத்தனையையும் இந்தப் பொடியால் மூடுவதே முறை. எந்த நிறத்துக்காக இரண்டு கட்சிகள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டனவோ, அந்த நிறம் கடைசியில் விரல்கடை அகலம் தெரிந்தால் பாக்கியம். அடுத்து, இதில் தூசி படியாமலிருக்க ஒரு கண்ணாடிப் பெட்டி வாங்க வேண்டும். வீட்டுத் தூசி விகிதத்துக்கு ஒவ்வாதது.

மட்டில்டாவின் பக்கவாட்டுக் கவசத்தில் சரிவான திறப்புகள் சில வரிசையாக இருக்கும். சேறு வழிந்து வெளியேற வைத்த வழிகள் அவை. பாலைவனத்தில் அவை எதற்கு என்று கேட்பவர்கள், அந்த வண்டியை வரைந்தவர்கள் லிபியாவை மனத்தில் வைத்து வரையவில்லை என்பதை உணர வேண்டும். மாடலில் அவற்றின் அடியில் பொடி சற்றுத் தூக்கலாக வழிந்திருக்கலாம். அதற்கு மேல் கற்பனை கூடாது.

கடைசியாக, பெரும்பாலோர் விட்டுவிடும் ஓர் உறுப்பு. பிரிட்டிஷ் படைக்கு நான்கு காலன் பெட்ரோல் வந்த தகர டின்கள் ஒழுகுவதற்குப் பேர்போனவை. ஜெர்மானியரின் ஜெர்ரி கேன் கிடைத்தால் விடமாட்டார்கள். ஒழுகும் டின்னைப் பாதியாக வெட்டி, மணலை நிரப்பி, பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினால் அதுதான் பென்காஸி அடுப்பு. வண்டி நின்ற இடமெல்லாம் அதில் தேநீர் கொதித்தது. 1/35-ல் முழு டின் 7 மி.மீ. சதுரமும் 10 மி.மீ. உயரமும் வரும். பால் பவுடர் டின்னின் உள்மூடித் தகடு இதற்கு வாகாக மடியும். பாதியாக வெட்டி, வாயோரம் கரி தடவி, பின்பக்கத்து மட்கார்டில் தொங்கவிட வேண்டும். தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் வெளிப்புறமும் கறுப்பாகவே இருக்கட்டும். அந்தக் கறுப்பின் சரியான சாயல் குறித்து இதுவரை கட்சி எதுவும் தோன்றவில்லை, வாசகர்கள் தொடங்கிவைக்கலாம்.