மொட்டைமாடிக் கோதுமை

வா பேராண்டி. மாடியில கோதுமை போடப்போறியாமே? பேஷ். டாக்டர் சப்பாத்தி சாப்பிடுன்னாரு, நீ வயலையே மாடிக்கு ஏத்திட்டே. செம்பாக்கம் ஏரிக்குக் கீழ நெல்லு வெளஞ்ச நஞ்சையையெல்லாம் மனை போட்டு வித்தாச்சு. இனி ஆகாசத்துலதான் உழணும்.

முதல்ல பட்டம். பங்குனியில விதை. பஞ்சாப்காரன் குளிருக்காகக் காத்திருந்து நவம்பர்ல விதைக்கிறான், விவரமில்லாதவன். கதிர்ல பால் பிடிக்கிறப்ப வெயில் ஏறினா மணி சுருங்கிடுமாம். நாமதான் மார்கழியிலயே ஃபேன் போட்டுத் தூங்குறோமே! நம்ம ஸ்டேட்டுல கோதுமை ஆராய்ச்சி நிலையம் நீலகிரி வெலிங்டன்ல இருக்குது. தாம்பரம் சானடோரியத்துல வைக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணலை பாரு.

விதையைச் சாண் ஆழத்துல புதை. குட்டை ரகத்துக்கு 5 செ.மீ. போதும், அதுக்குக் கீழ போனா முளை மேல வரத் திணறும்னு சொல்வாங்க. திணறட்டும். வரிசைக்கு வரிசை 20 செ.மீ. விடணுங்கிறதையும் கேக்காதே, ராஜகீழ்ப்பாக்கத்து அடுக்குமாடி கணக்கா ஒண்ணு மேல ஒண்ணு நெருக்கு.

யூரியாவை அள்ளிக் கொட்டு. அந்தக் காலத்து நெட்டைக் கோதுமை அப்படித் தின்னுதான் கதிர் கனம் தாங்காம குப்புறப் படுத்துச்சு. அப்புறம் போர்லாக்னு ஒரு விஞ்ஞானி மெக்சிகோவுல குட்டை ரகம் உண்டாக்கினாரு. நம்ம கும்பகோணத்து சுவாமிநாதன் அதை இங்க கொண்டுவர முன்னால நின்னாரு. 1966ல 18,000 டன் விதை கப்பலேறி வந்துது. குட்டைப் பயிர் உரத்தைத் தின்னுட்டும் நிமிந்து நிக்கும். அதுக்கும் அளவு உண்டு: எக்டருக்கு 120 கிலோ தழைச்சத்து. அதையும் அடியுரமாக் கொஞ்சம், மிச்சத்தை 21ஆம் நாள் வாக்குல, மேல்வேர் கிளம்புறப்ப, முதல் தண்ணியை ஒட்டிக் குடுக்கிறான் பஞ்சாப்காரன். உனக்கெதுக்கு அவ்வளவு பொறுமை?

மூடாக்கு மட்டும் போட்டுடாதே. மாமரத்துச் சருகைக் கூட்டி நெருப்பு வெச்சிட்டு, செடிக்குத் தென்னைநார்க் கழிவை ஆன்லைன்ல காசு குடுத்து வாங்கு, அதான் நாகரிகம். பஞ்சாப்லயும் நெல்லுத் தாளைக் கொளுத்தி டில்லியை இருமவெச்சவங்க உண்டு. இப்ப சில பேரு டிராக்டருக்குப் பின்னால ‘ஹேப்பி சீடர்’னு ஒண்ணை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. அது நிக்கிற தாளை நறுக்கும், உழாம கோடு கிழிச்சு விதையும் உரமும் போடும், நறுக்கின தாளை மேலயே போர்த்திட்டுப் போயிடும். ஈரம் சீக்கிரம் காயாது, களை தலைதூக்கறது கம்மி, நெல்லு அறுத்த கையோட விதைச்சிடலாம். கடைசியில வர்ற வெயிலுக்கும் முந்திக்கலாம். கிழவன் நான் சொன்னா சிரிப்பே. மெஷினு சொன்னா கேப்பியோ என்னவோ.

சரி, விளையாட்டு போதும். கேழ்வரகு போடு. நாத்து விட்டு மூணு வாரத்துக்குள்ள பிடுங்கி நடு, சருகைத் தூரைச் சுத்திப் பரப்பு. கோதுமை மாவு அண்ணாச்சி கடையில கிடைக்கும். அதுக்கு முன்னால கீழ்வீட்டுக்காரரைப் போய்ப் பாரு. உன் தொட்டித் தண்ணி அவர் பூஜையறையில சொட்டுதுன்னு காலையிலயே என்கிட்ட வந்து பஞ்சாயத்து வெச்சிட்டுப் போயிட்டாரு.