கொட்டகைத் தச்சியல்: ஒரு முன்னாய்வு

சென்னைக்கு மேற்கே, ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2400 சதுர அடியில், வீடு, போர், தென்னை, ஸ்கூட்டர், கொடிக்கயிறு ஆகியவை போக மிஞ்சும் தகரம் வேய்ந்த இடத்தைத் தச்சுக்கூடம் என்க. மயமதமும் மானசாரமும் கோயிலுக்கும் மாளிகைக்கும் விரிவாக விதி வகுத்தன. டேபிள் ரம்பம் எந்த மூலையில் நிற்கவேண்டும் என்பது பற்றி மூச்சு விடவில்லை. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு.

இவ்வட்டாரத்தில் மூன்று மரபுகள் உள என்ப. அம்பத்தூர் மரபு, 1964-ல் தொழிற்பேட்டை வந்தபின் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பியவர்கள் வளர்த்தது. பலகை ஒரு பக்கம் நுழைந்து, அறுபட்டு, இழைக்கப்பட்டு, மறுபக்கம் ஸ்டூலாக வெளியேற வேண்டும். வருஷத்துக்கு ஒரு ஸ்டூல்தான் என்றாலும் புரொடக்‌ஷன் லைன் லைன்தான். ஆவடி மரபு, விஜயந்தா டாங்கு செய்த ஊருக்கு ஏற்றது: ஒர்க் பெஞ்சின் கால் நாலங்குலச் சதுரம், மேலே டாங்கை ஏற்றினாலும் ஆடாது. ஏற்றப்படுவதோ ஓர் அஞ்சறைப் பெட்டி. பூந்தமல்லி மரபினர் மழைக்காலந்தோறும் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தைச் செய்தியில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அவர்கள் பிளக் பாயின்டை இடுப்புக்கு மேலும் பலகையைப் பரணிலும் ஏற்றிவிட்டனர். மூன்றில் இதுவே அறிவுள்ள மரபு.

இனி இடவியலின் மூலச் சிக்கல். பிளைவுட் ஷீட் 8-க்கு 4 அடி. அதை நீளவாக்கில் அறுக்க ரம்பத்துக்கு முன்னால் 8 அடி வேண்டும், பின்னால் இன்னொரு 8 அடி வேண்டும். கொட்டகையோ 10-க்கு 12. கணிதம் கைவிட்ட இவ்விடத்தில் கதவு கைகொடுக்கிறது: ரம்பத்தை வாசலுக்கு நேரே நிறுத்தினால், அறுபட்ட பலகை சந்துக்குள் நீண்டுகொள்ளும். எதிர்வீட்டு மாமி கோலம் போடும் வேளை இதற்கு உகந்ததன்று.

மின்வழங்கலுக்கு வருவோம். ரம்பத்தின் மோட்டார் ஒரு குதிரைத்திறன், அதாவது 746 வாட். மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும். 2016-ல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றானபோது நூறு மணி நேரம் இலவசமாக அறுக்கலாம் என்று சிலர் கணக்குப் போட்டனர். அந்த நூறையும் ஃபிரிட்ஜ் முன்பே தின்றிருந்தது.

உண்மையான விவகாரம் ஸ்டார்ட்டிங் கரண்ட். மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கமான ஓட்டத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். அயர்ன்பாக்ஸ் பாயின்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சொருகி ரம்பத்தைப் போட்டால் ஹாலில் விளக்கு மங்கும், சமையலறையிலிருந்து "டேய், யாருடா அது?" என்று குரல் வரும். பி டைப் எம்சிபி, அதாவது டிரிப் ஸ்விட்ச், அந்த வேகத்திலேயே விழுந்துவிடக்கூடும். ஆகவே மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, அந்த வேகத்தைப் பொறுக்கும் சி டைப் எம்சிபி. போர் மோட்டார் ஓடும்போது ரம்பம் ஓடலாகாது. டேங்க் நிறையட்டும், தச்சன் காத்திருப்பான். விளக்குக்கு வேறு சர்க்யூட், ஏனெனில் ரம்பம் சுழலும்போது அதன் எம்சிபி விழுந்து இருட்டினால் விரல்கள் எங்கே இருக்கின்றன என்பது முக்கியக் கேள்வியாகிவிடும்.

இங்கே மட்டும் ஆய்வாளன் நகைச்சுவையை ஒதுக்கி வைக்கிறான். தகரச் சுவரில் எங்காவது ஒரு ஒயர் உரசித் தோல் உரிந்தால், கொட்டகை முழுதும் ஷாக் அடிக்கும். சட்டகத்துக்கு எர்த் கொடுத்து, மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போடாமல் ஒரு ஸ்விட்சையும் தொடவேண்டாம்.

எஞ்சியிருப்பது ஒர்க் பெஞ்ச். முழங்கை உயரத்தில் சமதளம் ஒன்று உருவானதும், பழைய பெயின்ட் டப்பா, கொலு பொம்மைப் பெட்டி, காயும் வடாம் ஆகியவை அதை நிரப்பிவிடுகின்றன. இதற்கு விலக்கு இதுவரை கிடைக்கவில்லை. ஒரு சதுர அடியாவது காலியாக உள்ள ஒர்க் பெஞ்ச் யாரிடமேனும் இருந்தால் தெரிவிக்கவும். அம்பத்தூரிலிருந்து பஸ் ஏறி நேரில் வந்து பார்க்க ஆய்வாளன் தயார்.