நேத்திர பிந்து விசாரம்

தில்லி மாநகரில் கண் வைத்தியத்துக்குக் குறைவில்லை. தரியாகஞ்சில் ஷ்ராஃப் தர்ம கண் ஆஸ்பத்திரி இருக்கிறது; எய்ம்ஸ் வளாகத்தில், 1967-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று ராஜேந்திர பிரசாத்தின் நாமத்தைத் தாங்கி நிற்கும் நேத்திர சிகிச்சை மையம் இருக்கிறது. இவையெல்லாம் நோயாளியைத் தம் வாசல்வரையில் காத்தருளுகின்றன. வாசலைக் கடந்து, ஆட்டோக்காரரோடு தர்க்கித்து, கட்டைவிரல் பருமனுள்ள மருந்துச் சீசாவைச் சட்டைப்பையில் சுமந்துகொண்டு வீடுபோய்ச் சேருகின்ற அந்த ஜீவனுடைய கண்களுக்கு அதற்கப்பால் என்ன கதி நேருகிறது என்பதே நாம் ஈண்டு விசாரிக்கப் புகுந்த பொருள்.

பூர்வாசாரியர்களில் சுச்ருதர் இவ்விஷயத்தில் மிகக் கண்டிப்பானவர். கண்புரையைச் சலாகையால் விலக்கிய பின்னர் நோயாளி மல்லாந்து கிடக்கவேண்டும், ஏப்பம் விடலாகாது, இருமலாகாது, தும்மலாகாது, துப்பலாகாது, நடுங்கவும் கூடாது என்று அவர் பெயரால் வழங்கும் சம்ஹிதை விதிக்கிறது. விதிகள் உத்தமமானவை; ஆனால் வகுத்தவர் ஐப்பசி மாதத்துத் தில்லியைக் கண்டவரல்லர். பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெற்றாள் எரியும் புகையும், தீபாவளி வெடிப்புகையும், வாகனங்களின் கரியும் ஒன்றுகூடித் தலைக்குமேல் அசையாமல் கவிந்து நிற்கையில் தும்மாதிருப்பது ஹடயோகிகளுக்கும் துர்லபம். மார்கழியில் நடுங்காதிருப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கோடையிலோ, ‘லூ’ என்னும் அனல்காற்று வாரிவரும் புழுதியில் ஒரு பங்கைக் கண்ணிற் பெறாமல் கரோல்பாகில் கறிவேப்பிலை வாங்கித் திரும்பியவர் எவருமிலர்.

அறுவையே இன்றி, பரிசோதனைக்காகக் கண்மணியை விரிக்கும் மருந்து மட்டும் இடப்பெற்றவர் தனி வகையினர். சில மணி நேரத்துக்கு எழுத்துக் கலங்கும், வெயில் கூசும். ஆகவே கறுப்புக் கண்ணாடி அவசியம். அதை அணிந்து மெட்ரோவில் ஏறியவருக்கு எழுந்து இடம் தருவார்கள். மறுநாளும் சிலர் அதைக் கழற்றாமைக்கு மருத்துவ காரணம் எதுவும் நமக்குப் புலப்படவில்லை.

இனிப் பிரதான விஷயமாகிய சொட்டுக்கு வருவோம். சீசாவிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறத்தாழ 50 மைக்ரோலிட்டர். கீழிமைக்குள் உள்ள பையோ 30-க்கு மேல் கொள்ளாது. எனவே முதற் சொட்டிலேயே மிச்சம் உண்டு. இரண்டாவது கன்னத்துக்கும் மூன்றாவது தலையணைக்குமே பிரயோஜனப்படும். ஆயினும் நம்மவர், பந்தியில் ரசம் கேட்கும் தொனியிலேயே, “இன்னொரு சொட்டு விடு” என்கிறார்கள். விட்ட மருந்தும் கண்ணில் தங்குவதில்லை. கண்ணீர் செல்லும் நாளத்தின் வழியே மூக்குக்குள் இறங்கித் தொண்டையில் கசக்கிறது. கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை ஓரிரு நிமிஷம் விரலால் அழுத்திக்கொண்டால் இது பெரிதும் குறையும். இரண்டாவது மருந்து இருப்பின் இடையில் ஐந்து நிமிஷமாவது கழியவேண்டும்.

அந்த ஐந்து நிமிஷமே ஆபத்தானது. ஏனெனில், கண்ணை மூடிக் கிடப்பவருக்கு உபதேசிக்க விரும்பாத மனிதர் பாரத தேசத்தில் இல்லை. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் “குலாப் ஜல் விடுங்கள், பாயி சாஹேப்” என்று பன்னீரைச் சிபாரிசு செய்கிறார். மாடிவீட்டுப் பெரியவர் சுர்மா என்னும் கண்மையைப் புகழ்கிறார். கும்பகோணத்திலிருந்து தொலைபேசியில் அத்தை, நந்தியாவட்டைப் பூவை இமைமேல் வைக்கச் சொல்லி, விளக்கெண்ணெயையும் சேர்த்துக்கொள்ளுகிறார். வேறொருவர் தாய்ப்பால் என்று தொடங்க, இந்தக் காலனியில் அதை யாரிடம் கேட்பது என்னும் வினா எழுந்தவுடன் சபை கலைந்துவிடுகிறது.

இவர்கள் எல்லோரும் அன்புடையவர்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் மேற்கூறிய வஸ்துக்களுள் ஒன்றேனும் கிருமி நீக்கப்பட்டதன்று. சுர்மாவிலோ பெரும்பாலும் ஈயமே இருக்கிறது. ஆகவே, தூசியைக் காட்டிலும் புகையைக் காட்டிலும் கண்ணுக்குக் கொடிய சத்துரு பந்துமித்திரரே என்று துணிகிறோம். வாசகர்கள் சீசாவைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதிவைத்து, ஒரு மாதமானதும் மிச்சத்தை எறிந்துவிடுக. பன்னீரைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுக.